டாக்டரின் உள்ளங்கையில் என் கால்

போன வருஷம் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஈப்போவில் நடந்தது இது. நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். ஓட்டினேன் என்று எழுத வேண்டுமோ என்னவோ, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

லகாட் பக்கம் முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடங்களில் இப்போது வரிசை வீடுகள் வந்துவிட்டன. அங்கிருந்து வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டு, சாயந்திரம் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. பொம்பளை பஸ் ஓட்டுகிறாளே என்று எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு முறை முறைத்தால் போதும், தலையைத் திருப்பிக்கொள்வார்கள். குறுக்கே லோரி வந்தால் கண்ணாடியை இறக்கி நான் சொல்லும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பஸ்ஸில் வரும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அக்கா என்றால் அவர்களுக்குக் கொஞ்சம் பயம், நிறையப் பிரியம். நானும் அந்தப் பயத்தை ரசித்துக்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

இடுப்பு வலி எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு. டிரைவர் சீட்டில் உட்காருகிறவர்கள் எல்லாருக்கும் வருவதுதானே என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு போய்விடுவேன். ஆனால் அந்த வருஷம் வலி இடுப்போடு நிற்கவில்லை. வலது தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் வந்தது. சுண்டுவிரல் மரத்துப் போயிருந்தது. வலது கால் சிலிப்பர் கழன்று விழுந்தது கூடத் தெரியாமல் ஒருநாள் கடையிலிருந்து ஒற்றைச் சிலிப்பரோடு வீடு வந்து சேர்ந்தேன். என் கணவர் என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவர் அதிகம் பேசாதவர். வீட்டில் இரண்டு பேருக்குமான பேச்சை நானே பேசிவிடுவேன்.

ஒருநாள் காலை, டவுனுக்குள் நுழையும் இடத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். பஸ் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மெதுவாக உருண்டுகொண்டே போய், முன்னால் நின்ற மோட்டார்சைக்கிளின் பின் விளக்கை முட்டாத குறையாக நின்றது. ஓட்டி வந்த ஆள் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் வெறுமனே பார்த்தார். பஸ்ஸுக்குள் ஒரு சத்தம் இல்லை.

பிரேக்தான் கெட்டுவிட்டது என்று பஸ்ஸை மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் கழற்றிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, "பிரேக்கு நல்லாதான் இருக்குக்கா, ஒண்ணும் இல்ல லா" என்றார். அப்படியென்றால் நான் மிதிக்கவில்லையா? மிதித்த ஞாபகம் இருக்கிறது. மிதித்தேன் என்று நினைத்துக்கொண்டு மிதிக்காமல் இருந்துவிட்டேனா? ராத்திரி படுக்கையில் காலை நீட்டி மடக்கிப் பார்த்தேன். நான் சொன்னபடியெல்லாம் கால் ஆடியது. குழப்பம்தான் மிஞ்சியது.

கணவர் வற்புறுத்தி எங்கள் பழைய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் அவருடையது. நெற்றியில் திருநீறு, முழுக்கைச் சட்டை, மெதுவான பேச்சு. என் அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கே அவர்தான் வைத்தியம் பார்க்கிறார். அவர் முன்னால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. டாக்டர் உட்காரச் சொன்னாலும், "பரவாயில்லைங்க ஐயா" என்று நின்றுகொண்டே பேசுவார்.

டாக்டர் என்னைக் கட்டிலில் படுக்க வைத்துக் காலைச் சோதித்தார். வலி இடுப்பில் இருக்க, காலை ஏன் பிடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். முதுகெலும்பிலிருந்து வரும் ஒவ்வொரு நரம்புக்கும் காலில் ஒரு வேலை இருக்கிறதாம். ஒன்று முழங்காலை நீட்டும், ஒன்று கட்டைவிரலை மேலே தூக்கும், ஒன்று பாதத்தைக் கீழே அழுத்தும். எந்த வேலை பலம் குறைந்திருக்கிறதோ, அதை வைத்து முதுகில் எந்த இடத்தில் நரம்பு நசுங்குகிறது என்று சொல்லிவிடலாமாம். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பஸ்ஸில் வைப்பர் ஓடவில்லையென்றால் வைப்பரின் பியூஸைத்தானே பார்ப்போம், அந்த மாதிரி.

கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி அவர் விரலால் அழுத்தினார். தூக்கினேன். பாதத்தை என் பக்கமாக இழுக்கச் சொன்னார். இழுத்தேன். "நல்லது, நல்லது" என்றார். பிறகு என் உள்ளங்காலில் அவருடைய உள்ளங்கையை வைத்து, "என்ர கையைத் தள்ளுங்கோ பிள்ளை, ஆக்சிலேட்டர் மிதிக்கிற மாதிரி" என்றார். தள்ளினேன். இன்னும் என்றார். தள்ளினேன். இடது காலிலும் அப்படியே. முழங்காலை மடக்கி வைத்து, அவர் கையை எதிர்த்து நீட்டச் சொன்னார். நீட்டினேன். சிறிய சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினார். நான் உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்ததாலோ என்னவோ, இரண்டு காலுமே அசையவில்லை.

அவர் முகம் மாறியது. திரும்பவும் முதலிலிருந்து செய்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, உட்காரும் இடத்தில் மரத்துப் போகிறதா என்றெல்லாம் கேட்டார். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன்.

"வலி ஒரு பக்கம்தான் எண்டு சொல்லுறீங்கள். ஆனா ரெண்டு காலிலயும் ஒரே மாதிரிப் பலம் குறைஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் சேர்ந்து வாறது சின்ன விஷயம் இல்லை. இண்டைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்" என்றார்.

நான் நடந்துதான் கிளினிக்குக்குள் போனேன். நடந்துதான் வெளியே வந்தேன். ஆனால் உள்ளே போகும்போது ஒரு கால் சரியில்லாதவளாக இருந்தவள், வரும்போது இரண்டு காலும் சரியில்லாதவள் ஆகிவிட்டேன். காரில் ஏறும்போது இடது காலைப் பார்த்தேன். இந்தக் காலுக்கு என்ன வந்தது? இது ஒருநாளும் வலித்ததில்லையே! கணவர் வண்டி ஓட்ட, வாழ்க்கையில் முதல்முறையாக வழி முழுக்க நான் பேசாமல் வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ரொம்ப நேரம் காத்திருந்த பிறகு ஒரு மலாய் டாக்டர் வந்தார். முக்காடு போட்ட சின்னப் பெண். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். நாங்கள் பேசியதெல்லாம் மலாயில், இங்கே தமிழில் எழுதுகிறேன். என்னைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, சக்கரம் வைத்த ஸ்டூலை இழுத்துப் போட்டு என் காலடியில் உட்கார்ந்து, எங்கள் டாக்டர் செய்த அதே சோதனைகளைச் செய்தார். கையால் தள்ளச் சொன்னார், இழுக்கச் சொன்னார். பிறகு கால். கட்டைவிரலைத் தூக்கு, பாதத்தை இழு. கடைசியில் உள்ளங்காலில் அந்தப் பெண்ணின் சின்ன உள்ளங்கை.

"தள்ளுங்க ஆன்ட்டி. கூவாட் கூவாட், நல்லா பலமா."

தள்ளினேன்.

"இன்னும்."

தள்ளினேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். ஒரு தடவை பலம் இருக்கிறது, அடுத்த தடவை இல்லை, நடுவில் விட்டுவிடுகிறீர்கள் என்றார். இன்னொரு முறை செய்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, கோபமில்லாமல், ரொம்பப் பொறுமையாகக் கேட்டார்.

"ஆன்ட்டி, மறைக்காம சொல்லுங்க. உங்களுக்கு எம்.சி. வேணுமா?"

எனக்குக் காது சுட்டது. காய்ச்சலோடு கூட பஸ் ஓட்டியவள் நான். விடுப்புச் சீட்டுக்காக நடிக்கிறேனா? வாய் நிறைய வார்த்தை வந்தது. ஆனால் ஒன்றும் வெளியே வரவில்லை. ஏனென்றால் எனக்கே சந்தேகமாகிவிட்டது. நான் தள்ளுகிறேன் என்று நினைக்கிறேன், தள்ளவில்லை என்கிறார். பிரேக்கை மிதித்தேன் என்று நினைத்தேன், பஸ் நிற்கவில்லை. என் காலைப் பற்றி எனக்கு உண்மையில் என்ன தெரியும்? கண்ணில் தண்ணீர் முட்டியது. திரைச்சீலை ஓரம் நின்ற கணவர், "இவ எம்.சி. கேட்டு நான் பார்த்ததே இல்ல டாக்டர்" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் என்ன நினைத்தாரோ, "சரி, கடைசியா ஒரு தடவை" என்று மறுபடி கையை வைத்தார். என் கால் பட்டது. கை எடுத்தார். உடனே, "இது என்ன ஆன்ட்டி?" என்றார்.

"எது?"

"இப்ப செஞ்சீங்களே. ஒவ்வொரு தடவையும் செய்றீங்க. எட்டி என் தோளைத் தொட்டு, அப்புறம் உங்க கண்ணில விரலை வைக்கிறீங்க. தொழுகை மாதிரியா?"

நான் அப்படிச் செய்ததே எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நம் வீடுகளில் யார் மேலாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அதுதான். புத்தகத்தில் கால் பட்டாலும் செய்வோம். மூச்சு விடுவதை யாராவது எண்ணிக்கொண்டா இருக்கிறோம்?

"உங்க மேல என் கால் பட்டுச்சில்ல, அதான். மன்னிப்புக் கேக்கிற மாதிரி" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அப்ப நான் தள்ளச் சொல்லும்போது, ஆன்ட்டி முழுசாத்தான் தள்ளுறீங்களா?"

"தள்ளுறேனே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

கணவர் ஓரத்திலிருந்து சொன்னார்: "அவ தள்ள மாட்டா டாக்டர். வீட்டில தூக்கத்தில என் மேல கால் பட்டாக்கூட எழுந்து உட்கார்ந்து கும்பிட்டுட்டுத்தான் படுப்பா. வாய் மட்டும்தான் அவளுக்கு அப்படி."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. தான் எழுதி வைத்திருந்த தாளை எடுத்துப் பார்த்தார். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். பிறகு சொன்னார்: "ஆன்ட்டி, உங்க பக்கம் இழுக்கிறதெல்லாம் பலமா இருக்கு. என் பக்கம் தள்ளுறதெல்லாம், ரெண்டு கால்லயும், பலமில்லாம இருக்கு. கையால தள்ளும்போது மட்டும் என்னைக் கீழ தள்ளப் பார்த்தீங்க. இப்படி ஒரு நரம்பு வியாதி கிடையாது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் முழுப் பலத்தோடு தள்ளுவதாகத்தான் நினைத்தேன். ஆனால் எனக்குத் தெரியாமல் எனக்குள் யாரோ, டாக்டர் கையை உதைப்பாயா என்று காலைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அப்பா டாக்டர் ஐயா முன்னால் உட்காராமல் நின்றாரே, அவரை நிறுத்தி வைத்த அதே ஆள்தானோ என்னவோ.

"நான் அனுமதி கொடுக்கிறேன். நான் விழுந்தா விழட்டும். தள்ளுங்க" என்றார் அவர். முதலில் இடது கால். என்னால் முடியவில்லை. படிப்பு படித்த பெண், அவர் கையில் என் கால். மனசு வரவில்லை. கணவர் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"குறுக்க ஒரு லோரி வருதுன்னு நெனச்சுக்கயேன் லா."

கண்ணை மூடிக்கொண்டேன். மிதித்தேன்.

தடதடவென்று சத்தம். கண்ணைத் திறந்தால் டாக்டர் ஸ்டூலோடு உருண்டு போய் மருந்துத் தள்ளுவண்டியில் மோதி நிற்கிறார். ஒரு தாதி ஓடி வந்து எட்டிப் பார்த்தார். டாக்டர் முக்காட்டைச் சரி செய்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன், கணவரும் சிரித்தார். அந்த இடது காலை எனக்குக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

"இதுதான் ஆன்ட்டி உங்க கால்! இப்ப வலது."

அவர் ஸ்டூலை உருட்டிக்கொண்டு திரும்ப வந்தார். உள்ளங்கையை வைத்தார். இப்போது எனக்குக் கூச்சமே இல்லை. கண்ணை மூடி, அதே லோரியை நினைத்து, அதைவிடப் பெரிய லோரியை நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். சத்தம் வருகிறதா என்று காத்திருந்தேன்.

"தள்ளுங்க ஆன்ட்டி" என்றார்.

கண்ணைத் திறந்தேன். அவர் அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"தள்ளிட்டேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் என் பாதத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நிற்கச் சொன்னார். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்க வேண்டும். இடது காலில் தூக்கினேன், கோயில் திருவிழாவில் எட்டிப் பார்க்கிற மாதிரி சுலபமாக வந்தது. வலது காலில் நின்றேன். தூக்கு என்று மனசு சொல்கிறது. குதிகால் தரையை விட்டு வரவே இல்லை. உடம்புதான் முன்னால் சாய்ந்தது. கணவர் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்தச் சிவப்பு விளக்கு எனக்கு விளங்கியது. அன்றைக்கு நான் பிரேக்கை மிதிக்காமல் இல்லை. முழுப் பலத்தோடு மிதித்திருக்கிறேன். என் முழுப் பலமே அவ்வளவுதான் இருந்திருக்கிறது. பின்னால் ஒரு பஸ் நிறையப் பெண்களை வைத்துக்கொண்டு.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். முதுகின் அடியில், இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கிற சவ்வு பிதுங்கி, வலது பக்கம் பாதத்தை அழுத்தும் வேலைக்கான நரம்பை நசுக்குகிறது என்றார்கள். ஒரே ஒரு நரம்பு. இரண்டு பக்கமும் இல்லை. கத்தி வைக்க அவசரம் இல்லை, உடற்பயிற்சி செய்து பார்ப்போம், ஆனால் பஸ் ஓட்டக் கூடாது. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எம்.சி. பற்றிக் கேட்டதற்கு அந்தப் பெண் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். கடைசியில் நீளமாக ஓர் எம்.சி. எழுதிக் கொடுத்ததும் அவர்தான்!

எங்கள் பழைய டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்கள் என்னைத் தொட்டுக் கும்பிட்டது நல்லா ஞாபகம் இருக்கு பிள்ளை. ஆனா அது எனக்கு வித்தியாசமாவே தெரியேல்லை" என்றார்.

எப்படித் தெரியும்? அவர் வீட்டிலும் அதைத்தானே செய்வார்கள். அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் பயந்து உடனே அனுப்பியதால்தானே உண்மை தெரிந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

சாவியை ஒப்படைத்த பிறகு, பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று ஒருநாள் காலை பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். புது டிரைவர் இன்னும் வரவில்லை. எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். காலைப் பற்றிச் சொன்னேன். பிரேக் சரியாக விழாமல் போனது அந்த ஒருநாள்தான், கடவுள் காப்பாற்றினார் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எப்போதும் முன் சீட்டில் உட்காரும் பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்த ஒரு நாள் மட்டும் இல்லக்கா. ரொம்ப நாளாவே பஸ்ஸு நிக்க வேண்டிய எடத்துல நிக்கல. நாங்க எல்லாம் கம்பிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டுதான் வருவோம்."

"ஏன் ஒருத்தி கூட எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"ஒங்ககிட்ட எப்படிக்கா சொல்றது? இத்தன வருஷம் ஓட்டுறீங்க. ஒங்க மனசு கஷ்டப்படும்ல?"

அங்கேயே சாலை ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். கோபமா, வெட்கமா, பாசமா, எதற்காக அழுதேன் என்று இப்போதும் தெரியாது. அத்தனை பேரும் பிள்ளை குட்டிக்காரிகள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, என் மனசு நோகக் கூடாதென்று ஒவ்வொரு நாளும் பேசாமல் என் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு எந்த வாயும் இல்லை. நானும் டாக்டர் கையை அப்படித்தானே தள்ளாமல் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இப்போது வலது குதிகால் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்புகிறது. பஸ்ஸைத் திரும்பத் தருவார்களா என்று தெரியாது, கேட்கவும் தைரியம் இல்லை. மரியாதை எங்கே முடிகிறது, பயம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துப் பார்க்கவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் யாராவது என்னிடம், "எல்லாம் நல்லாதான் இருக்கு அக்கா" என்று சொன்னால், இப்போதெல்லாம் நான் அதோடு விடுவதில்லை; பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, இன்னொரு தடவை கேட்கிறேன்.